பெட்டி கட்டும் முன்: சென்னையில் இறையியல் படித்துப் போதகராகப் போகிறவர்களுக்கு

எனக்கு 31 வயது நடந்தபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா அழுதார். மனைவி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்த காரியம். கல்லூரி வாசலில் பெட்டியோடு போய் நிற்க 22 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் சான்றிதழுக்கும் கையெழுத்துக்கும் அலைந்த காலம். ஒரு கல்வியாண்டு முழுதாகக் கைவிட்டுப் போயிற்று.

இப்போது வடசென்னையில் ஒரு சபையில் உதவிப் போதகராக இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது ‘அண்ணா, எங்கிருந்து தொடங்குவது?’ என்று கேட்டு வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பட்டப்படிப்பு முடித்து, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லது லுத்தரன் சபைகளின் வழியாக வருகிறவர்களுக்கானது இது. கத்தோலிக்கக் குருமடத்துப் பாதை முற்றிலும் வேறு. அதை இங்கே தொடவில்லை.

1. முதலில் எந்தப் பட்டம் என்பதைத் தீர்மானியுங்கள்

போதகர் ஊழியத்துக்குப் பெரிய சபைகள் எதிர்பார்க்கும் பட்டம் பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி). கல்லூரிப் பட்டம் பெற்றவர்களுக்கு அது நான்கு ஆண்டுப் படிப்பு. வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் பேரவையான செராம்பூர் செனட் அந்தப் பட்டத்தை வழங்குகிறது. 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அந்த உரிமை உண்டு. நீங்கள் படிப்பது செனட்டோடு இணைந்த ஒரு கல்லூரியில். சென்னையில் கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி அப்படிப்பட்டது. தமிழிலேயே சிந்தித்துப் படிக்க விரும்புகிறவர்கள் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியையும் பாருங்கள். பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது.

செனட்டைச் சேராத வேதாகமக் கல்லூரிகளும் இந்த நகரத்தில் ஏராளம். சிலவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியை உங்கள் பேராய (பேராயரின் கீழுள்ள சபை வட்டார) அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்: ‘இந்தப் பட்டத்தை வைத்து என்னைக் குருப்பட்டத்துக்கு, அதாவது போதகராக அமர்த்த, எடுத்துக்கொள்வீர்களா?’ வாய்ச்சொல்லை நம்பி மூன்று ஆண்டு படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கிய இருவரை எனக்குத் தெரியும்.

தங்கைகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பெண்களைக் குருப்பட்டத்துக்கு எடுக்கிறார்களா, எடுத்தால் சபைப் பொறுப்பு கொடுக்கிறார்களா, பள்ளிக்கூட வேலையில் உட்கார வைக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். சி.எஸ்.ஐ.யில் 2013இல் ஒரு பெண் பேராயரே வந்துவிட்டார். இருந்தும் பேராயத்துக்குப் பேராயம் நடைமுறை மாறுகிறது.

கௌரவ டாக்டர் பட்டம் தருகிறேன் என்று வருகிறவர்களைப் பற்றி ஒரு வரி போதும்: அங்கி வாடகைக்கும் மேடைக்கும் நீங்கள் கொடுக்கும் பணம் திரும்பி வராது.

2. சபையின் பரிந்துரை: ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள்

கல்வியாண்டு ஜூன் வாக்கில் தொடங்குகிறது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் முடிந்துவிடும். ஜனவரியில் போய், சபைப் போதகரான ஆயர் ஐயாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அங்கேதான் தாமதம் தொடங்கியது.

வரிசை இது. முதலில் உங்கள் ஆயர். அடுத்து பாஸ்டரேட் கமிட்டி, அதாவது சபையின் நிர்வாகக் குழு. அதன் தீர்மானம் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். அங்கிருந்து பேராயத்தின் ஊழியர் தேர்வுக் குழு. கடைசியில் பேராயர் கையெழுத்து. பாஸ்டரேட் கமிட்டி மாதம் ஒருமுறை கூடும் என்பது ஏட்டில்; பண்டிகைக் காலத்தில் கூடாது, தேர்தல் ஆண்டில் கூடினாலும் உங்கள் காரியம் அங்கே எடுபடாது. சபைத் தேர்தல் எப்போது என்று முதலில் விசாரியுங்கள். என் பெயர் இரண்டு அணிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான்கு மாதம் கிடந்தது. ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, ‘தம்பி, நீ யாருடைய ஆள்?’ என்று கேட்டார். யாருடைய ஆளும் இல்லை என்றேன். அதுதான் சிக்கல் என்றார்.

பரிந்துரைக் கடிதத்தில் தீர்மானத்தின் தேதியும் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘நல்ல நடத்தை உடையவர்’ என்று பொதுவாக எழுதிக் கொடுப்பார்கள். பேராய அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். எத்தனை ஆண்டு முழு அங்கத்தினர், திடப்படுத்தல் (முழு அங்கத்தினராக்கும் சடங்கு) எந்த ஆண்டு, ஞாயிறு பள்ளியிலோ வாலிபர் சங்கத்திலோ என்ன பணி செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும். சந்தா பாக்கி இருந்தால் அன்றே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். சிரிக்காதீர்கள், என் காகிதம் ஒருமுறை 240 ரூபாய் பாக்கிக்காக நின்றது.

3. பெயர்: எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயரா என்று இன்றே பாருங்கள்

இந்த ஒரு காரியத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

என் ஞானஸ்நானப் பதிவேட்டில் சாமுவேல் ஞானமுத்து என்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் சுருக்கமாக முத்து என்று எழுதிக்கொண்டார். அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறியது. ஆதாரில் முத்துசாமுவேல், ஒரே சொல்லாக. மூன்றும் நான்தான் என்று நிரூபிக்க ஏழு மாதம் ஆனது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்; மற்றவற்றை அதற்கு ஏற்றபடி திருத்துவது சுலபம். ஆதாரைத் திருத்துங்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் மட்டும் மாற்றம் இருந்தால், ‘இருவரும் ஒருவரே’ என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். முன்பு 20 ரூபாயாக இருந்த முத்திரைத் தாள் இப்போது 200 ரூபாய். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கான எழுதுபொருள் அச்சுத் துறை அலுவலகம் அண்ணா சாலையில் இருக்கிறது. இடைத்தரகர் யாரும் தேவையில்லை. வாசலில் நின்று ‘சார், பேர் மாத்தணுமா?’ என்று கேட்பவருக்கு நான் கொடுத்தது 2,500 ரூபாய். அவர் செய்தது, நானே செய்திருக்கக்கூடிய ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்தது.

ஞானஸ்நானச் சான்றிதழை நீங்கள் பிறந்த ஊர்ச் சபையில்தான் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து போன் செய்தால் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்பார்கள். நேரில் போங்கள். நான் நெல்லை எக்ஸ்பிரஸில் போய், அலமாரிச் சாவி வைத்திருந்த கோயில்பிள்ளையை (ஆலயப் பணியாளரை) தேடிப் பிடித்து, பதிவேட்டை நானே புரட்டினேன். பெயர், பெற்றோர், ஊர், தகப்பன் தொழில், யார் ஞானஸ்நானம் கொடுத்தது என்று கட்டங்கள். என் தாத்தாவின் பதிவையும் தேடிப் பார்த்தேன். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தவர் கட்டத்தில் ஓர் ஆங்கிலேயரின் கையெழுத்து, அழகான சாய்வெழுத்தில். சாமுவேல் என்ற பெயர் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதற்கு முன்பு தாத்தாவின் பெயர் என்னவென்று அந்த ஏட்டில் இல்லை.

இதனால் முதல் தலைமுறை விசுவாசிகளுக்கு என் யோசனை: ஞானஸ்நானம் வாங்கும்போது பெயரை மாற்ற வேண்டாம். முருகேசனும் செல்வியும் தங்கள் பெயரோடே ஞானஸ்நானம் பெறலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. காகித வேலையும் மிச்சம், உங்கள் அப்பா அம்மா வைத்த பெயரும் மிச்சம்.

சேர்த்து வைக்க வேண்டிய மற்றவை: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பல்கலைக்கழக இடம்பெயர்வுச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், மணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்றிதழ். இடம்பெயர்வுச் சான்றிதழைப் பலர் மறந்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துச் சில வாரம் காத்திருக்க வேண்டும். கேட்ட அன்றே கிடைக்கும் காகிதம் கிடையாது.

4. சாதிச் சான்றிதழ்

கல்லூரிப் படிவத்தில் சமூகம் என்று ஒரு கட்டம் இருக்கும். சில உதவித்தொகைகளுக்கும் இந்தச் சான்று தேவைப்படும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பொறி எங்கே என்றால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவர் அதில் வரமாட்டார். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களைத் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் ‘இந்து’ என்று வாங்கிய பழைய சான்றிதழ் ஒன்று பலர் வீட்டில் இருக்கும். ஒரு கையில் அதையும் மறு கையில் ஞானஸ்நானச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு ஊழியத்துக்கு வராதீர்கள். ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருகிறவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் அண்ணனோ அக்காவோ அந்தச் சான்றிதழில் வேலையில் இருந்தால், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள். நாளைக்கு உங்கள் புகைப்படம் அங்கியோடு நோட்டீஸில் வரும்போது கேள்வி அவர்களிடம் போகும்.

இந்த ஆணை நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். மதம் மாறினால் தெரு மாறுவதில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே இரண்டாக இருக்கிறது. குருகுலத்தில் தலித் இறையியலுக்கென்று ஒரு துறை அமைந்து, இறையியலாளர் அர்விந்த் நிர்மல் அதை நடத்தியதற்குக் காரணம் இதுதான். வெள்ளைக்காரர் விட்டுப்போனதைப் பற்றி வகுப்பில் ஆவேசமாகப் பேசுவது சுலபம். அவர் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்ததை, ஆலயத்துக்குள்ளும் நாமே சுமந்துகொண்டு வந்ததைப் பேசும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அங்கே வாய் திறக்கத் தயாராகிக்கொண்டு வாருங்கள்.

5. பணம்

விண்ணப்பம் வாங்கியதிலிருந்து சேர்ந்த நாள்வரை என் கையிலிருந்து போனது சுமார் 19,000 ரூபாய். பயணம், நகல், நோட்டரி, மருத்துவப் பரிசோதனை, நான் ஏமாந்த 2,500 எல்லாம் சேர்த்து. கல்விக் கட்டணம் இதில் இல்லை.

பேராயம் உங்களை அனுப்பினால் கட்டணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஏற்கும். பதிலுக்கு இத்தனை ஆண்டு ஊழியம் செய்வேன் என்று எழுதி வாங்கலாம். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற வரியைத் தேடுங்கள். சொந்தச் செலவில் படிப்பவருக்கு இந்தக் கட்டு இல்லை. ஆனால் படிப்பு முடிந்ததும் சபை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

மணமானவர்கள் குடும்பக் குடியிருப்பு காலியாக உள்ளதா என்று சேரும் முன்பே கேளுங்கள். அறைகள் கொஞ்சம்தான். கிடைக்காவிட்டால் நீங்கள் விடுதியிலும் மனைவி பிள்ளைகள் வெளியிலும் என்று இரண்டு அடுப்பு எரியும். கெல்லீஸ், புரசைவாக்கம் பக்கம் வாடகை உதவித்தொகையில் அடங்காது. என் மனைவி வேலையில் இருந்ததால் தப்பித்தோம். போதகரின் மனைவி வேலைக்குப் போகலாமா என்று சபையில் ஒரு குரல் எழும். அந்தக் குரல் உங்கள் வாடகையைக் கட்டப் போவதில்லை.

அடுத்தது வெளிநாட்டுப் பணம். எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் நண்பர், ஜெர்மனியில் இருக்கிறவர், நான்கு ஆண்டுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். அதை நம்பி வேலையை இரண்டு மாதம் முன்னதாகவே விட்டேன். ஒரு சபை தன் கணக்கில் வாங்கி என் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது முடியாது. வெளிநாட்டு நன்கொடைக்குப் பதிவு பெற்ற அமைப்பு அதை டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பெற வேண்டும்; பெற்றதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கவும் கூடாது. ஊழியத்துக்கென்று வருவதை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறவர் உங்கள் நண்பர் இல்லை.

அந்த ஜெர்மானியப் பணம் வராமல் போனது எனக்கு நல்லதாயிற்று என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. கடைசியில் என் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கம், வீட்டுக்கு வீடு ஒதுக்கும் பிடி அரிசிக் காசைச் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் கொடுத்தது. ஜெர்மனிக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். இவர்களோ ஒவ்வொரு விடுமுறையிலும் ‘என்ன படித்தாய், சொல்’ என்று முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

6. நுழைவுத் தேர்வும் நேர்காணலும்

எழுத்துத் தேர்வில் வேதாகம அறிவும் ஆங்கிலமும் இருக்கும். வேதாகமக் கேள்விகளுக்கு ஞாயிறு பள்ளி வினாடி வினா போதாது. ஒரு நூல் எதற்காக, யாருக்கு எழுதப்பட்டது என்று கேட்பார்கள். ஆங்கிலத்துக்கு ஆறு மாதம் நாளொன்றுக்கு ஒரு பக்கம் படித்து, படித்ததை ஐந்து வரியில் எழுதிப் பழகுங்கள். அது போதும். சேர்ந்த பிறகு கிரேக்கமோ எபிரேயமோ வரும். அதற்கு இப்போதே பயந்து எதையும் வாங்கிக் குவிக்காதீர்கள். தேவையானவை பார்க் டவுனில் மெமோரியல் ஹால் பக்கம் உள்ள வேதாகமச் சங்கத்திலும் சி.எல்.எஸ். (கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்) கடையிலும் கிடைக்கும். மற்றதற்குக் கல்லூரி நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றன.

நேர்காணல்தான் என்னைக் கவிழ்த்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: ‘பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், இது வெள்ளைக்காரன் மதம்தானே என்கிறார். என்ன சொல்வாய்?’ நான் தயாராக இருந்தேன். கி.பி. 52இல் இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்தார் என்ற மரபையும், அவர் உயிர்விட்டதாகச் சொல்லும் பரங்கிமலையையும் சொன்னேன். வயதில் மூத்த ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ‘பரங்கிமலையைச் சொல்லித் தப்பிக்காதே தம்பி. உன் தாத்தா ஏன் சேர்ந்தார்? அதைச் சொல்.’ எனக்குத் தெரியவில்லை. கட்டத்தில் ‘கூலி’ என்று பார்த்ததை மட்டும் சொன்னேன். ‘அங்கிருந்து ஆரம்பி’ என்றார். முதல் ஆண்டு எடுக்கவில்லை. இரண்டாம் ஆண்டு அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டார்.

ஆகவே நேர்காணலுக்கு முன் ஊரில் இரண்டு நாள் தங்கி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றது யார், எந்தப் பஞ்சத்தில் அல்லது எந்தச் சண்டையில், எந்த மிஷனின் கீழ், பள்ளிக்கூடம் கிடைத்ததா, நிலம் போயிற்றா, யாரோடு உறவு அறுந்தது. பெரியம்மாக்கள் சொல்வார்கள், மாமாக்கள் பெருமையை மட்டும் சொல்வார்கள். முதல் தலைமுறை ஆட்கள் தங்கள் கதையையே இதே கேள்விகளோடு எழுதலாம். இரண்டு பக்கம் போதும்.

கூடவே இந்த நகரத்தில் நடந்த இரண்டு காரியங்களைத் தெரிந்து வையுங்கள், கேட்காமல் விடமாட்டார்கள். ஒன்று, 1938இல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாடு. பிற சமயங்களைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்ப்பது என்ற வாதம் அங்கே சூடாக நடந்தது. சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான சக்கரையும் செஞ்சையாவும் அவர்களது நண்பர்களும் மேற்கத்திய இறையியலாளர்களுக்கு மறுப்பு எழுதினார்கள். மற்றது, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம் கழிந்து, 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையிலுள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. தேதியைச் சொன்னால் பாதி மதிப்பெண். பெயர்ப்பலகை மாறியபோது சொத்தும் அதிகாரமும் யார் கைக்குப் போயின என்று யோசித்து வந்தால் மீதி.

பயிற்சி ஒன்று சொல்கிறேன், இதற்குச் செலவில்லை. கிருபை, இரட்சிப்பு, மகிமை, பாக்கியம் ஆகிய நான்கு சொற்களையும் பயன்படுத்தாமல் வேதாகமத்தின் ஒரு சங்கீதத்தை மீன் விற்கும் அக்காவுக்கு ஐந்து நிமிடம் விளக்கிப் பாருங்கள். நான் காசிமேட்டில் முயன்றேன். இரண்டாவது நிமிடத்தில் அவர் சொன்னார்: ‘ஐயா, நீங்க நல்லாப் பேசறீங்க. ஆனா யாருகிட்ட பேசறீங்கன்னு தெரியல.’

7. களப்பணி இடத்தை வசதி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

வாரக் கடைசியில் ஏதாவது ஒரு சபைக்கு அனுப்புவார்கள். விருப்பம் கேட்டால், நகர நடுவில் ஆங்கில ஆராதனை நடக்கும் பெரிய ஆலயத்தை எழுதத்தான் கை போகும். சாப்பாடு நன்றாக இருக்கும், ஒலிபெருக்கி வேலை செய்யும், உறையில் காசும் கிடைக்கும். நான்கு ஆண்டும் அங்கேயே கழிந்தால் நீங்கள் கற்பது ஒலிபெருக்கி முன் நிற்கும் முறை மட்டுமே.

கண்ணகி நகர், பெரும்பாக்கம், காசிமேடு என்று எழுதுங்கள். நகர நடுவிலிருந்து பெயர்த்து எடுத்துக் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்ட மக்கள் கண்ணகி நகரில் இருக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் ஐந்து சபைக்காரர்கள் குடியிருப்பார்கள். உங்கள் சபைக்கு வருகிறவர் மாலையில் வேறொரு ஜெபக்கூட்டத்துக்கும் போவார், ஆடியில் அம்மன் கோவில் கூழும் வாங்குவார். முதல் மாதம் எதையும் திருத்தாமல் பாருங்கள். மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பயணச்சீட்டை வாங்கிவிட்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். கீழ்ப்பாக்கத்திலிருந்து போய்வர ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வட மாநிலங்களுக்குக் களப்பயிற்சிக்குப் போகிறவர்கள் அந்த மாநிலத்தின் மதமாற்றச் சட்டத்தைப் படிக்காமல் ரயில் ஏறக் கூடாது. ஒடிசாவில் 1967இலிருந்தே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2021இல் வந்தது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவந்து பிறகு திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்பதால் நமக்கு அந்தப் பயம் பழக்கமில்லை. உங்கள் துண்டுப் பிரசுரத்தால் வழக்கை எதிர்கொள்ளப் போவது நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே இருக்கப்போகும் உள்ளூர்க் குடும்பம்.

8. பட்டம் வாங்கிய பின்: திருமணச் சட்டமும் விருந்தினரும்

உதவிப் போதகரானதும் முதலில் வருவது கல்யாணம். இன்றும் நடப்பில் இருப்பது 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். அதன் ஐந்தாம் பிரிவைப் படித்துவிடுங்கள். பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர் தன் சபை விதிப்படி திருமணம் நடத்தலாம். அடுத்து, ஸ்காட்லாந்துச் சபையின் குருவும் நடத்தலாம் என்று இருக்கிறது! ஸ்காட்லாந்துக்காரருக்குத் தனி வரி எழுதிய அதே சட்டத்தில், எந்தப் பேராயத்தையும் சேராத சுயாதீன சபையின் தமிழ்ப் போதகர் அரசிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். வாங்காமல் நடத்தி வைத்தால் குற்றம். சுயாதீன சபைக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் உரிமத்துக்கான வேலையைப் படிக்கும்போதே தொடங்குங்கள். திருமணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில் நடக்க வேண்டும் என்பது பொது விதி. முகூர்த்தம் பார்த்து விடியற்காலை 4.30 மணிக்குக் கேட்கிற கிறிஸ்தவ வீடுகளும் உண்டு, எச்சரிக்கை. ஆலயப் பதிவோடு முடிந்தது என்று விடாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் அரசிலும் பதியச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் நினைவு வந்து உங்களைத் தேடி வருவார்கள்.

அடுத்து வெளிநாட்டு விருந்தினர். உங்கள் சபைக்கு ஒரு வெள்ளைக்காரப் போதகர் வந்தால் கூட்டம் இரட்டிப்பாகும். கமிட்டி உங்களை நச்சரிக்கும். அவர் கையில் சுற்றுலா விசா இருந்தால் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. சபை விருந்தினர் அறையில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆயர் நுங்கம்பாக்கத்திலுள்ள அந்த அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார், விருந்தினர் மகாபலிபுரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

9. சேரும் வாரம்

எல்லாச் சான்றிதழிலும் கையொப்பமிட்ட நகல் மூன்று கட்டு. பாஸ்போர்ட் அளவுப் படம் ஒரு டஜன். மூலச் சான்றிதழ்களைக் கொடுத்தால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கொசுவலை அவசியம். வெள்ளை வேட்டி சட்டை இரண்டு ஜோடி. கோட்டும் டையும் வேண்டாம், ஜூன் மாதச் சென்னையில் அதை அணிந்து நான் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்து மனைவி இன்னமும் சிரிக்கிறார். தாத்தாவின் பதிவேட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அச்சிட்டு வையுங்கள். முதல் பருவக் கட்டுரைக்கு உதவும். பறை அடிக்கத் தெரிந்தால் அதையும் கொண்டுவாருங்கள். விடுதிக் காப்பாளரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்கள் காலத்தில் படிப்பு நேரம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிவிடும்.